காத்திருக்கும் உடல்

ஆபத்து நேரும்போது சிறுநீரகங்களின் மேல் அமைந்த அதிரீனற் சுரப்பிகள் அதிரீனலினைச் சுரந்து இதயத்துடிப்பை விரைவுபடுத்த, சற்றுப் பிந்திச் சுரக்கும் கோட்டிசோல் என்னும் ஓமோன் குருதியில் வெல்லத்தின் அளவை உயர்த்தி, ஓடவோ எதிர்த்து நிற்கவோ வேண்டிய வலுவை உடலுக்குத் தருகிறது. ஆபத்து நீங்கியதும் இவை தணிந்துவிட வேண்டும். நெருக்கீடு ஆண்டுக்கணக்கில் நீளுமாயின், உயிரைக் காத்த அதே சுரப்புகள் குருதி அமுக்கத்தை உயர்த்தி, நித்திரையைக் குலைத்து, நோயெதிர்ப்பைத் தளர்த்தி, நினைவாற்றலையும் மங்கச் செய்கின்றன.

இலங்கையின் வடக்கே, வன்னியில் ஆபத்து எப்போது நீங்கியது என்ற வினாவுக்கு, போர் முடிந்த 2009 மே என விடை சொல்வது எளிது. ஆயினும் விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என ஓடி, செட்டிகுளத்து மெனிக் பாம் முதலிய முகாம்களில் அடைக்கப்பட்ட ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்களுள் பலருக்கு, 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் மூடப்பட்ட பின்னரும் அது நீங்கியதாகக் கொள்ள இயலாது. உளமருத்துவர் தயா சோமசுந்தரம் வன்னி பற்றி 2010 இல் வெளியிட்ட ஆய்வில், தனியாளின் உளநோயோடு நின்றுவிடாமல், குடும்பமும் ஊரும் அவற்றின் உறவுகளும் ஒருங்கே சிதைவுற்ற நிலையைக் கூட்டு மனவடுவாக விளக்கினார்.

அந்தச் சிதைவின் மிகக் கொடிய வடிவம், காணாமல் ஆக்கப்பட்டோரின் வீடுகளில் இருக்கிறது. இறந்தாரா, உயிருடன் உள்ளாரா என்று தெரியாத இத்தகைய இழப்பை அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ் தெளிவற்ற இழப்பு என வரையறுத்தார். துக்கம் தொடங்கவும் முடியாமல் முடியவும் முடியாமல் நிற்பதே அதன் இயல்பு. அந்தியேட்டி செய்வது மகனைத் தாயே கொன்றதற்கு ஒப்பாகிவிடுமோ என்ற அச்சமும், பொட்டை அழிப்பதா வைத்திருப்பதா என்ற மனைவியின் தவிப்பும், படலை அசையும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு பதறுவதும், உடலைத் தணியவிடாது விழிப்பிலேயே வைத்திருக்கின்றன. இவர்களுட் பலர் துயரத்தை நோயாகக் கருதி வைத்தியரிடம் செல்வதில்லை; உடம்பு உளைவு, தலையிடி, நெஞ்சு படபடப்பு, நித்திரையின்மை என்றே முறையிடுகின்றனர். பிரஷருக்கு மாத்திரை எழுதும் வைத்தியர், வீட்டில் யாரைக் காணவில்லை என்றும் கேட்பாராயின் நோயின் பாதி வரலாறு வெளிப்படும்.

நடந்ததை மறந்துவிடுமாறு இவர்களுக்கு அறிவுரை கூறுவது, அறியாமையிலிருந்து எழுந்தாலும் கொடுமையானதே. எதை மறப்பது என்பதே இவர்களுக்கு இன்னும் சொல்லப்படவில்லை. 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவில் முன்றலிலும், நான்கு நாட்களின் பின் வவுனியாவிலும் தாய்மார் தொடங்கிய தொடர் போராட்டத்தின் கேள்வியும் அதுவே. ஒத்த துயருடையோர் அருகருகே அமர்ந்திருப்பது நெருக்கீட்டின் தாக்கத்தைச் சற்றுத் தணிக்கக்கூடும். ஆனால் வெயிலிலும் மழையிலும் கொட்டகையில் கழியும் நாட்கள், ஏற்கனவே தளர்ந்த உடல்களை மேலும் தளர்த்துகின்றன. 2018 இல் காணாமற்போனோர் அலுவலகம் இயங்கத் தொடங்கிய பின்னரும், பிள்ளை எங்கே என்பதற்கு விடை பெறாமலே பெற்றோர் பலர் இறந்துவிட்டனர்.