குடிக்கு அடிமையானவர்: பாவியா, நோயாளியா?

 

மது ஹராம். இதில் நமக்குள் இரண்டு கருத்து இல்லை. ஆனால் நம் மஹல்லாவில் ஒருவர் குடிக்கு அடிமையாகிவிட்டால், பாவி என்று அவரை ஒதுக்குவதா, நோயாளி என்று மருத்துவரிடம் அழைத்துச் செல்வதா? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. பச்சைமலைப் பகுதியில் வாழும் நமக்கு அது எங்கோ நடந்த செய்தி அல்ல. "குடித்தவன் செத்தான், நமக்கென்ன?" என்று ஒரு முஃமின் கேட்கலாமா?

புகாரியில் ஒரு சம்பவம் பதிவாகியுள்ளது. அப்துல்லாஹ் என்றொரு ஸஹாபி, நபி (ஸல்) அவர்களைச் சிரிக்க வைப்பவர். மது அருந்தியதற்காகத் திரும்பத் திரும்பத் தண்டிக்கப்பட்டார். ஒருமுறை அங்கிருந்தவர் அவரைச் சபித்தபோது நபியவர்கள் தடுத்தார்கள்; அவர் அல்லாஹ்வையும் ரசூலையும் நேசிப்பவர் என்று சாட்சி சொன்னார்கள். கவனியுங்கள், தண்டனை நீக்கப்படவில்லை. ஆனால் அவரைச் சபிக்கும் உரிமை யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

மதுவை மருந்தாகப் பயன்படுத்தலாமா என்று கேட்கப்பட்டபோது, அது மருந்தல்ல, நோய் என்று நபியவர்கள் விளக்கியது முஸ்லிமில் உள்ளது. ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் நிவாரணம் இறக்கியுள்ளான், எனவே மருத்துவம் செய்யுங்கள் என்றும் கற்றுத் தந்தார்கள். அப்படியானால் இந்த நோய்க்கு மருந்து தேடுவதும் நற்செயலே.

நம் மாநிலத்திலேயே அதைச் செய்தவர்கள் உண்டு. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார், 1980-ல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். மருந்தோடு மனநல ஆலோசனையும், குடும்பத்தாருக்குப் பயிற்சியும் அங்கே சிகிச்சையின் பகுதியாயின. கிராமங்களுக்கே சென்று முகாம் நடத்தினார்கள். ஆனாலும் 2019-ல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் சிகிச்சை கிடைக்கிறது. மற்றவர்களை வீட்டுக்குள் மறைத்து வைப்பதில் நம்முடைய வெட்கத்துக்கும் பங்குண்டு.

"நோய் என்றால் பொறுப்பு போய்விடாதா?" என்று கேட்பீர்கள். போகாது. முதல் கிண்ணத்தை எடுத்தது அவர் கைதான். ஆண்டுக்கணக்கில் குடித்தபின் மூளை அதற்குப் பழகி, நிறுத்தும் ஆற்றல் பலவீனப்படுகிறது. அப்போது சிகிச்சைக்குச் செல்வது அவர் கடமை. கூட்டிச் செல்வது நம் கடமை.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. நீண்டகாலம் அதிகமாகக் குடித்தவர் தவ்பாச் செய்து திடீரென நிறுத்தினால், ஓரிரு நாட்களில் கைநடுக்கம், வலிப்பு, இல்லாத உருவங்களைக் காண்பது போன்றவை வரலாம், உயிரே போகலாம். அதை ஜின் பிடித்ததாக எண்ணித் தாயத்து தேடி அலையாதீர்கள். துஆச் செய்யுங்கள், அதே நேரத்தில் மருத்துவமனைக்கு விரையுங்கள். திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். 14446 என்ற எண்ணுக்கு அழைத்தால் ஆலோசனை இலவசம். சென்று திரும்பியவரை முதல் ஜும்ஆவில் உங்கள் அருகில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளைப் போதையிலிருந்து காப்பானாக! சிக்கியவர்களுக்கு ஷிஃபாவையும் உறுதியையும் தருவானாக! ஆமீன்.