ஆரோக்கியநாதர் பாதத்தண்டையில்



கொள்ளைநோய் கண்டு காட்டில் ஒதுங்கிக் கிடந்த அர்ச். ஆரோக்கியநாதருக்கு ஒரு நாய் அப்பம் கவ்வி வந்ததென்பது பாரம்பரியம். ஆகையால்தான் சுரூபத்தில் அது அவர் பாதத்தண்டையில் நிற்கிறது. ஆகஸ்டு 16-ல் அச்சுரூபத்துக்கு மாலை சூட்டும் நாம், வாசலில் வந்த நாயைக் கல்லால் அடிப்பது தகுமோ? வளர்த்த பிராணி கிழமானதும், பிறந்தது பெட்டைக்குட்டி என்றதும், சாக்கில் கட்டித் தூர விட்டுவருவது கிறீஸ்தவனுக்கு அடுக்குமோ?

“ஏழைகள் பசித்திருக்க நாய்க்கென்ன தர்மம்?” என்பீர்கள். கேள்வி நியாயமே. மனிதர் துயர் துடைக்க வேண்டிய பணத்தைப் பிராணிகளுக்குச் செலவிடலாகாதென்று 1992-ல் வெளியான திருச்சபையின் ஞானோபதேச நூலும் போதிக்கிறது. ஆனால் அவை சர்வேசுரனுடைய சிருஷ்டிகள், அவற்றுக்குத் தயவு காட்டுவது நம் கடமை என்றும் அதே நூல் சொல்லுகிறது. ஆகவே லாசரின் பங்கை எடுத்து நாய்க்கு இடவேண்டாம். வீட்டில் மிஞ்சிய பழம்போர்வை, சாக்கு, ஒரு சாயங்கால நேரத்து ஒத்தாசை, இவை போதும்.

சென்னையில் 1959-ல் தொடங்கிய புளூ கிராஸ் போன்ற காப்பகங்கள் பல ஊர்களில் உண்டு. அருகிலுள்ளதில் என்ன தேவையென்று விசாரித்து, பிள்ளைகளோடு போங்கள். வாயில்லா ஜீவனுக்கு இரங்கப் பழகிய பிள்ளை, நாளை படுக்கையில் கிடக்கும் பெற்றோருக்கும் இரங்கும்.

சர்வேசுரன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.