ஐந்தாவது ‘ஏன்’ எங்கே போனது?

திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் வட்டாரத்துத் தொழிற்கூடங்கள் பலவற்றின் சுவரில் இரண்டைப் பார்க்கலாம். ஒரு பக்கம் கைசன், கெம்பா, போகா-யோகே, ஐந்து எஸ் என்று ஜப்பானியச் சொற்கள் எழுதிய பலகை. இன்னொரு பக்கம் மாலை போட்ட சாமி படம். ஆயுத பூசை அன்று இயந்திரங்களுக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் இட்டு, பூசணிக்காய் உடைப்பார்கள். சாமி படத்தைப் பற்றி நம் பகுத்தறிவு முன்னோடிகள் நூறு ஆண்டாகக் கேட்டுவிட்டார்கள். நான் கேட்க வந்தது அந்தப் பலகையைப் பற்றி. அறிவால் விளைந்த ஒரு முறையைக் கடல் கடந்து போய்க் கற்று வந்தோம். வந்த இடத்தில் அதையும் ஒரு சாமி படமாக்கி மாட்டிவிட்டோம். இதுதான் என் குற்றச்சாட்டு.

இந்தக் கற்றலுக்குப் பின்னால் பெரிய உழைப்பு இருக்கிறது. 2007-இல் கொல்கத்தா ஐ.ஐ.எம்., கான்பூர் ஐ.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி. ஆகிய மூன்று கல்வி நிறுவனங்கள், இந்தியத் தொழில் கூட்டமைப்போடும் ஜப்பானின் ஜைக்கா அமைப்போடும் கைகோத்து, உற்பத்தித் துறைக்குத் தொலைநோக்குள்ள தலைவர்களை உருவாக்கும் பயிற்சியைத் தொடங்கின. வழிகாட்டியாக வந்தவர் ஷோஜி ஷிபா என்ற ஜப்பானியப் பேராசிரியர். 2012-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. மேலாளர்கள் இங்கே வகுப்பில் படித்தார்கள். ஜப்பானுக்குப் போய் ஆலைகளுக்குள் நின்று பார்த்தார்கள். அதற்கும் முன்பே, ஜப்பானில் 1959-இல் தோன்றிய ஏ.ஓ.டி.எஸ். அமைப்பின் வழியாகப் பயிற்சி பெற்றுத் திரும்பியவர்கள் சென்னையில் முன்னாள் மாணவர் சங்கம் கண்டார்கள்; ஜப்பானிய மொழியும் கற்றுத் தருகிறார்கள்.

2016 நவம்பரில் இந்திய, ஜப்பானிய அரசுகள் இன்னோர் ஒப்பந்தம் செய்தன: பத்து ஆண்டுகளில் 30,000 பேருக்கு ஜப்பானிய முறையில் உற்பத்திப் பயிற்சி. அதன்படி 2017-இல் நாட்டில் முதலில் தொடங்கிய நான்கு நிலையங்களில் ஒன்று நம் வல்லம் வடகாலில், யமஹா ஆலையோடு சேர்ந்து அமைந்தது. கேரளத்து நெட்டூரில் 1963-இல் சுவிஸ் உதவியோடு முளைத்த என்.டி.டி.எஃப். அதன் கல்விக் கூட்டாளி. ஜப்பானிய ஆலையும் சுவிஸ் உதவியில் வளர்ந்த பயிற்சிக் கூடமும் சேர்ந்து நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தொழில் சொல்லித் தருகின்றன. இதை நான் மனதார வரவேற்கிறேன். எந்த நாட்டில் விளைந்தாலும் அறிவு அறிவுதான். அதை வாங்கிக்கொள்ளக் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஆனால் எதை வாங்கினோம், எதை விட்டுவிட்டு வந்தோம் என்று கணக்குப் பார்க்க வேண்டாமா?

அந்தப் பயிற்சியின் உயிர் எது? ‘ஏன்’ என்ற கேள்வி. டொயோட்டாவின் உற்பத்தி முறையை வகுத்த தாயிச்சி ஓனோ, ஒரு கோளாறு வந்தால் ஐந்து முறை ‘ஏன்’ என்று கேட்கச் சொன்னார். முதல் பதிலோடு நின்றால் அறிகுறி மட்டுமே கிடைக்கும். ஐந்தாவது பதிலுக்குப் பக்கத்தில்தான் வேர் தட்டுப்படும். பகுத்தறிவாளனுக்கு இதைவிட இனிப்பான செய்தி என்ன இருக்க முடியும்? இதை நம் பட்டறையிலேயே வைத்துப் பார்ப்போம்.

பெரிய கம்பெனிக்குப் பாகம் அடித்துத் தரும் ஒரு சிறிய பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு பழைய பவர் பிரஸ். அதில் இரண்டு பொத்தான்கள். இரு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் மேலிருந்து அடிக்கும் ரேம் கீழே இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருக்கும்போது டை என்ற அச்சுக்கு அடியில் விரல் இருக்க வழியில்லை. ஒரு நாள் அந்த பிரஸ்ஸில் ஓர் இளைஞனுக்கு இரண்டு விரல் போகிறது.

ஏன் போனது? கை டைக்கு அடியில் இருந்தபோது ரேம் இறங்கியது. ஏன் இறங்கியது? ஒரு பொத்தானை டேப் ஒட்டி அமுக்கியே வைத்திருந்தார்கள். ஏன் அப்படி வைத்தார்கள்? இரு கையாலும் அழுத்தி வேலை செய்தால் மணிக்குக் கேட்கிற எண்ணிக்கை வராது. அந்த எண்ணிக்கையை ஏன் கேட்டார்கள்? பெரிய கம்பெனியின் லைனுக்கு அன்றன்றைக்குப் பாகம் போய்ச் சேர வேண்டும். லாரி தாமதமானால் ஆர்டர் போய்விடும். இந்த எண்ணிக்கை முடியாது என்று அந்த இளைஞன் ஏன் சொல்லவில்லை? அவன் காண்ட்ராக்ட். சொன்னால் மறுநாள் கேட்டுக்குள் விட மாட்டார்கள்.

முதல் நான்கு கேள்விகள் இயந்திரத்தையும் டார்கெட்டையும் சுற்றி வருகின்றன. ஐந்தாவது கேள்வி அதிகாரத்தின் வாசலைத் தட்டுகிறது. அங்கேதான் நம் ஊரில் கேள்வி நின்றுபோகிறது. விபத்துப் பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதி மூடிவிடுகிறார்கள். பையனின் பாட்டி அதையே ‘அவன் தலையெழுத்து’ என்கிறாள். பாட்டியின் பதிலை மூடநம்பிக்கை என்கிறோம். வெளிநாட்டுச் சான்றிதழ் வைத்திருப்பவர் எழுதிய பதிலை மட்டும் அறிக்கை என்கிறோம். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: அடுத்த ‘ஏன்’ வராமல் தடுக்கின்றன. பாட்டிக்காவது படிக்க வாய்ப்பில்லாமல் போனது. எழுதியவருக்கு என்ன சாக்கு?

ஜப்பானும் தரக் கட்டுப்பாட்டை வெளியிலிருந்துதான் கற்றது. 1950-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள், பொறியாளர்கள் சங்கம் அமெரிக்கப் புள்ளியியலாளர் டெமிங்கை அழைத்து வகுப்பு நடத்தியது. 1954-இல் தர மேலாண்மை வல்லுநர் ஜுரான் போனார். ஆனால் அவர்கள் படித்ததை மேலாளர்களின் மேசையோடு நிறுத்திவிடவில்லை. 1956-இல் தரக் கட்டுப்பாட்டுப் பாடத்தை வானொலியில் ஒலிபரப்பினார்கள். 1962-இல் லைனில் நிற்கும் ஃபோர்மன்களுக்கென்றே, காவோரு இஷிகாவா முன்னின்று, ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். தொழிலாளர்கள் கூடி உட்கார்ந்து படித்த குழுக்களிலிருந்து தர வட்டங்கள் வளர்ந்தன. எல்லாம் அவர்கள் தாய்மொழியில். நம் பகுதியில் எத்தனை கம்பெனிகளில் தர மேலாண்மைப் பாடம் தொழிலாளியின் கைக்குத் தமிழில் போய்ச் சேர்ந்திருக்கிறது?

இன்னொன்றும் உண்டு. அதைப் பயிற்சி வகுப்புகளில் அழுத்திச் சொல்வதில்லை. 1950-இல் டொயோட்டா நொடித்துப்போகும் நிலைக்கு வந்து ஆட்குறைப்பை அறிவித்தது. தொழிலாளர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தார்கள். நிறுவனத் தலைவர் கீச்சிரோ டொயோடா பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அந்தக் காயத்துக்குப் பிறகுதான் அங்கே நிரந்தர வேலைக்கு உறுதியும், சங்கத்தோடு பேசித் தீர்க்கும் பழக்கமும் வேரூன்றின. தன் யோசனையால் தன் வேலையே போய்விடாது என்று நம்பியவன்தான் யோசனை சொன்னான். கோளாறு கண்டால் கயிற்றை இழுத்து லைனை நிறுத்தும் உரிமை அங்கே கடைசித் தொழிலாளிக்கும் வந்தது. ஜப்பானைச் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. வேலைச் சுமையால் ஆட்கள் செத்துப்போகும் கொடுமை அங்கேயும் உண்டு. நான் சொல்வது காரண காரியம். கைசன் என்ற தொடர் மேம்பாட்டு மேல்மாடிக்கு வேலைப் பாதுகாப்பு என்ற அடித்தளம் இருந்தது. நாம் மேல்மாடியை மட்டும் பெயர்த்துக்கொண்டு வந்திருக்கிறோம். டெமிங் பின்னாளில் வகுத்த 14 நெறிகளில் ஒன்று, வேலையிடத்திலிருந்து அச்சத்தை விரட்ட வேண்டும் என்பது. அச்சம் இருக்கும் இடத்தில் பொய்க் கணக்குத்தான் மேலே போகும்.

நம் தொழிற்கூடங்களில் அச்சம் எப்படி விளைகிறது? தமிழ்நாட்டில் 1981-இல் ஒரு நல்ல சட்டம் வந்தது. 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது அது. அந்த 480-ஐ எட்டவிடாமல் ஆளை மாற்றுவது, எட்டினாலும் பெயரை மாற்றுவது என்று வழிகள் கண்டுபிடிக்கப்பட்டன. 2013-இல் தொழில்நுட்பக் கல்விக்கான ஏ.ஐ.சி.டி.இ. அமைப்பு கொண்டுவந்த ‘நீம்’ திட்டம் அதில் ஒரு வழியானது. மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை ஓர் இளைஞனை லைனில் நிறுத்தலாம். அவன் பயிற்சி பெறுபவன், ஊழியன் அல்லன். பின்னர் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் டிரெய்னி என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டி முழு ஆள் வேலை வாங்கும் பழக்கம் போகவில்லை. கல்வியின் பெயராலேயே உழைப்பின் உரிமை பறிபோனது என்பதைக் கல்வித் துறையில் இருப்பவர்கள் வெட்கத்தோடு நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆக, ஒரே வளாகத்தில் இரண்டு பேர் பயிற்சி பெறுகிறார்கள். ஒருவர் இரண்டு வாரம் ஜப்பான் போய், மனிதரை மதிப்பது பற்றி வகுப்பு கேட்டு வருகிறார். இன்னொருவன் இரண்டு ஆண்டு அதே நான்கு ஸ்குருவை முடுக்கிவிட்டு, எதையும் கற்காமல் வெளியேறுகிறான். முதலாமவருக்குச் செலவழித்த பணத்தில் ஒரு பங்கு இரண்டாமவனுக்குப் போயிருந்தால் கம்பெனிக்கே லாபம் என்பதைக் காண மேலாண்மைப் பட்டம் தேவையில்லை.

கேள்வி கேட்டவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் பார்ப்போம். பயிற்சி நிலையம் தொடங்கிய மறு ஆண்டே, 2018 செப்டம்பரில், அதே யமஹா ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கம் அமைப்பதில் முன்னின்ற இருவர் வேலைநீக்கம் செய்யப்பட்டதை எதிர்த்து எழுந்த போராட்டம் அது. நவம்பர் வரை நீண்டது. 2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியே வந்து உட்கார்ந்தார்கள். 37 நாள் நீடித்தது. கேட்டவற்றில் முதன்மையானது சங்கத்துக்கு அங்கீகாரம். 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் தந்த ஓர் உரிமையைப் பதிவேட்டில் ஏற்ற 2025 சனவரி வரை, உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் 1918-இல் சென்னையில், பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காகப் பிறந்தது. அந்த ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் இடத்தில், நூறு ஆண்டு கழித்து, இந்த நிலை.

“சங்கம் வந்தால் கம்பெனி ஓடிவிடும், நோக்கியா போனதைப் பார்க்கவில்லையா?” என்பார்கள். இங்கேயும் ‘ஏன்’ என்று கேளுங்கள். 2014 நவம்பர் 1 அன்று நோக்கியா ஆலை மூடப்பட்டதற்குப் பின்னால் இருந்தவை வரித் தகராறும், கைபேசித் தொழில் மைக்ரோசாஃப்ட்டுக்குக் கைமாறியபோது இந்த ஆலை அந்த விற்பனையில் சேராமல் போனதும். சங்கம் வைத்ததற்காக அது மூடப்படவில்லை. மறுபக்கம், பாடி சுந்தரம்-கிளேட்டன் ஆலை 1998-இல் தர மேலாண்மைக்கான டெமிங் பரிசு பெற்றது. இந்தியாவில் அதுவே முதல். தமிழ்நாட்டுத் தொழிலாளியின் கைக்கு உலகத் தரம் எட்டும் என்பது அன்றே நிரூபணமாகிவிட்டது. குறை கையில் இல்லை.

குறை, கையை இழிவாகப் பார்க்கும் கண்ணில் இருக்கிறது. தலையால் வேலை செய்பவன் உயர்ந்தவன், கையால் வேலை செய்பவன் தாழ்ந்தவன் என்று பிறப்பிலேயே வகுத்து வைத்த ஊர் இது. கெம்பா என்றால் வேலை நடக்கும் இடம்; அங்கேயே போய்ப் பார்க்க வேண்டும் என்பது பாடம். நம் பொறியாளர் அங்கே போகிறார். சட்டையில் எண்ணெய் படாமல் திரும்புகிறார். லைனில் நிற்பவன் வயதில் மூத்தவனாக இருந்தாலும் ‘வா, போ’ என்று பேசுகிறார். அவனுடைய யோசனையைப் பெட்டியில் போடச் சொல்கிறார், நேரே காதில் வாங்குவதில்லை. ஜப்பானிய முறை இங்கே வேர்விடாததற்குப் பெரிய காரணம் சாதி மனம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இதை எந்த வெளிநாட்டுப் பேராசிரியரும் நமக்காகக் கழற்றித் தர மாட்டார்.

பெரியார் 1931 டிசம்பரில் கப்பலேறினார். சோவியத் நாட்டையும் ஐரோப்பிய நாடுகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு 1932 நவம்பரில் திரும்பினார். வந்ததும் செய்தவற்றில் ஒன்று, இனி எல்லாரும் ஒருவரை ஒருவர் தோழர் என்றே அழைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. வெளிநாடு போய் வந்தவர் தன் ஊரில் மனிதனுக்கும் மனிதனுக்கும் நடுவே இருந்த ஏணியைத் தொட்டார். இன்று போய் வருகிறவர்கள் எதைத் தொடுகிறார்கள்?

அடுத்த பயிற்சி ஒப்பந்தத்துக்கு எங்கோ ஒரு கல்லூரியில் மேசை போடப்படும். கையெழுத்திடப் போகும் கல்வி நிறுவனங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: பாடத்தைத் தமிழில் கொடுங்கள். காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் அந்த வகுப்பில் இடம் வையுங்கள். கம்பெனியிடம் இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். ஆபத்தைக் கண்டால் லைனை நிறுத்தும் உரிமை அங்கே நிற்கும் காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு உண்டா? நிறுத்தினால் மறுநாளும் அவருக்கு வேலை உண்டா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்று எழுதித் தராத இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.