நிழலில் அமர்ந்து வானம் பார்த்த நாள்கள்

2020ஆம் ஆண்டின் கோடையை நம்மில் எவரும் எளிதில் மறந்திருக்க மாட்டோம். மார்ச்சு 25ஆம் நாள் தொடங்கிய பொது முடக்கம் மே மாதத்திலும் நீடித்தது. ஆலயக் கதவுகள் அடைபட்டுக் கிடந்தன. மறைக்கல்வி வகுப்பு இல்லை. பாடகர் குழுவின் பயிற்சி இல்லை. தேவமாதா வணக்கமாதத்துச் செபமாலைக்கு மாலைதோறும் வந்து அமரும் தாய்மாரும் இல்லை. காலைத் திருப்பலியை நாமும் உபதேசியாரும் தனியே முடித்துக்கொண்டு, பங்கு இல்லத்தின் தாழ்வாரத்தில் நாற்காலியைப் போட்டு அமர்ந்தால், நண்பகல் வரை செய்வதற்கு ஒன்றுமிராது. வானம் பார்க்கும் வழக்கம் நமக்கு ஏற்பட்டது அப்படித்தான்.

வேலூர்ப் பக்கத்து வெயிலை அறிந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மே 4ஆம் நாள் கத்திரி பிறந்தது. நமக்கு முன்பிருந்த பங்குத்தந்தை தாழ்வாரத்துத் தூணில் மாட்டிவிட்டுச் சென்ற பழைய வெப்பமானி ஒன்று உண்டு. நாள்தோறும் மும்முறை அதைப் பார்த்து ஒரு நாட்குறிப்பில் குறித்துவந்தோம். பாதரசம் நூறு பாகையைத் தாண்டும் நாள்களில், எதையோ சாதித்துவிட்டதைப் போன்ற ஒரு கிளர்ச்சிகூட உண்டாயிற்று. மேலைக் காற்று எத்தனை மணிக்கு எழுகிறது, மாலையில் மலைப்பக்கம் மேகம் திரள்கிறதா, காக்கைகள் எந்த மரத்தில் ஒடுங்குகின்றன என்பனவெல்லாம் நமக்குப் பெரிய செய்திகளாயின. “இன்று இடி இடிக்கும் பாருங்கள், உபதேசியாரே” என்போம். பெரும்பாலும் இடிக்காது. அவர் அதைச் சுட்டிக்காட்ட மாட்டார், பண்பாளர்.

இரவில் தொலைக்காட்சியில் வானிலை அறிக்கை முடிந்ததும் நிவாரணம் பற்றிய விவாதம் தொடங்கும். தமிழக முதலமைச்சராயிருந்த எடப்பாடி க. பழனிசாமி, அரிசி பெறும் குடும்ப அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாயும் ஏப்ரல் மாதப் பொருள்களும் விலையின்றி வழங்கப்படும் என்று மார்ச்சு 24ஆம் நாளே அறிவித்திருந்தார். இரண்டு நாள் கழித்து நடுவண் அரசு 1.70 இலட்சம் கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை வெளியிட்டது. ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம். ஜன்தன் கணக்கு வைத்திருக்கும் பெண்களுக்கு மூன்று மாதம் ஐந்நூறு ஐந்நூறு ரூபாய். மே 12ஆம் நாள் பிரதமர் 20 இலட்சம் கோடி ரூபாய் என்றார். நாட்டின் ஆண்டு உற்பத்தியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு! மறுநாள் முதல் ஐந்து நாள் நிதியமைச்சர் அதை விரித்துரைத்தார். அதில் பெரும்பகுதி கடனும் கடனுக்கான பிணையுமே என்றும், பசித்தவன் கைக்குப் போய்ச் சேரும் பணம் சிறிதே என்றும் ஒரு சாரார் வாதிட்டனர். கையில் பணத்தைக் கொடுத்தால் பொருளாதாரம் நிமிர்ந்துவிடுமா, தொழிலுக்குக் கடன் கொடுத்தால்தானே வேலை பிறக்கும் என்று மறு சாரார் கேட்டனர். இரு தரப்பிலும் கற்றவர்களே இருந்தார்கள். வாதத்தில் பொருளும் இருந்தது.

நாம் கவனித்தது வேறொன்று. அறிவிப்பு வருமா, எவ்வளவு வரும், எந்தப் பகுதிக்கு வரும், எப்பொழுது வரும்? மழையைப் பற்றிச் சற்று முன்பு கேட்ட அதே வினாக்களை, அதே குரலில், நிவாரணத்தைப் பற்றியும் கேட்டுக்கொண்டிருந்தோம். ஏழைக்குச் சேர வேண்டிய சோறு, தாழ்வழுத்த மண்டலத்தைப் போல எங்கோ தொலைவில் உருவாகித் தானே நகர்ந்து வரும் ஒன்றாக நம் பேச்சில் ஆகிவிட்டிருந்தது. தென்மேற்குப் பருவக்காற்றை ஒரு நாள் முன்னதாக வரவழைக்க எவராலும் இயலாது. ஆனால் கிடங்கின் பூட்டைத் திறப்பது மனிதனின் கை. மனித விருப்பத்தால் நிகழ்வதை இயற்கையின் நிகழ்ச்சிபோல் எண்ணத் தொடங்கினால், அதற்குப் பொறுப்பாளி என்று ஒருவரும் எஞ்சுவதில்லை. பார்வையாளர்கள் மட்டுமே எஞ்சுவார்கள்.

வானம் பார்ப்பவர்களை நம் ஆண்டவர் கடிந்துகொண்ட இடம் இறைமக்களுக்கு நினைவிருக்கும். மத்தேயு 16ஆம் அதிகாரத்தில் வரும் அப்பகுதி மிகப் பழைமையான சில கையெழுத்துப் படிகளில் காணப்படுவதில்லை என்று குருமடத்தில் எமக்குக் கற்பித்தார்கள். ஆனால் லூக்கா 12இல் அதற்கு இணையான பகுதி உண்டு. மேற்கே மேகம் எழுந்தால் மழை என்றும் தெற்கிலிருந்து காற்று அடித்தால் வெப்பம் என்றும் அம்மக்கள் கண்டுகொள்கிறார்கள். அவர்களின் நாட்டுக்கு மேற்கே கடல், தெற்கே பாலைவனம். கணிப்பில் தவறேதும் இல்லை. இயேசு அந்த அறிவைப் பழிக்கவுமில்லை. காலத்தை ஆராயாததையே பழிக்கிறார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏட்டில் காலத்தின் அறிகுறிகளைப் பற்றிப் பேசியதை நாம் மறையுரைகளில் பலமுறை எடுத்தாண்டிருக்கிறோம். எனினும் லூக்காவில் அதை அடுத்து வரும் வரிகளை அந்தக் கோடை வரை நாம் ஊன்றிப் படித்ததில்லை. நேர்மையானது எது என்று நீங்களே ஏன் தீர்மானிப்பதில்லை என்கிறார் ஆண்டவர். உடனே எதிராளியோடு வழியிலேயே வழக்கைத் தீர்த்துக்கொள்வது பற்றியும் கடைசிக் காசுவரை செலுத்துவது பற்றியும் பேசுகிறார். மேகத்திலிருந்து நேரே கடனுக்குப் போய்விடுகிறார்!

கடன் என்ற சொல்லை இங்கே வேண்டுமென்றே கையாளுகிறோம். அந்நாள்களில் நம் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நம்மோடு தொலைபேசியில் அடிக்கடி உரையாடுவார். “சாமி, உழைக்காதவன் உண்ணலாகாது என்று பவுலடியார் சொல்லியிருக்கிறாரே. சும்மா கொடுத்துப் பழக்கினால் நாடு என்னாகும்? மே 7ஆம் நாள் மதுக்கடையைத் திறந்ததும் நின்ற வரிசையைப் பார்த்தீர்களா?” என்றார். வரிசையை நாமும் பார்த்தோம்; நெஞ்சு பதைத்தது. கடையைத் திறந்தது எவர் என்ற கேள்வியை ஆசிரியர் எழுப்பவில்லை, அது நிற்க. பவுலடியார் தெசலோனிக்கருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் கூறுவது உழைக்க மனமில்லாதவனைப் பற்றியது. கிரேக்க மூலத்தில் ‘விரும்பாதவன்’ என்னும் சொல் தெளிவாக இருக்கிறது. 2020 மே மாதத்தில் கொத்தனாரும் சித்தாளும் சுமைதூக்குபவரும் உழைக்க விரும்பாமல் வீட்டில் இருந்தார்களா? உழைக்கக் கூடாது என்று அவர்களுக்கு ஆணையிட்டோம். அந்த ஆணை சரியானதாகவே இருக்கட்டும். எல்லாருடைய உயிரையும் காக்கவே அது பிறப்பிக்கப்பட்டது. ஆனால் எல்லாருடைய நன்மைக்காகவும் ஒருவனுடைய அன்றாடக் கூலியை நிறுத்தினால், அந்தக் கூலிக்கு ஈடு செய்வது எல்லாருடைய கடன் ஆகாதா? இதைத் தருமக் கணக்கில் எழுதலாமா? நீதிக் கணக்கில் அல்லவா எழுத வேண்டும்? கடும் தேவை நேரும்போது பொருள்கள் பொதுவாகிவிடுகின்றன என்று தூய அக்குவினா தோமா பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே தெளிவாக எழுதிவைத்தார். அதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவர்களில் நாமும் ஒருவர்.

திராட்சைத் தோட்ட உவமையிலும் மாலைவரை சும்மா நின்றவர்கள், தங்களை ஒருவரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்றே காரணம் சொல்கிறார்கள். உரிமையாளர் அவர்களிடம் சான்று கேட்கவில்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், அவ்வாண்டு உயிர்ப்புப் பெருவிழா நாளான ஏப்ரல் 12இல் மக்கள் இயக்கங்களுக்கு எழுதிய மடலில், அனைவருக்குமான அடிப்படை ஊதியம் ஒன்றைப் பற்றி எண்ணிப் பார்க்கும் நேரம் இதுவாக இருக்கலாம் என்று குறிப்பிட்டார். அதற்குப் பதினாறு நாள் முன்பு, ஆளற்ற பேதுரு சதுக்கத்தில், கொட்டும் மழையில் அவர் நின்றதை நாம் கண்டோம். அன்று அவர் எடுத்துக்கொண்ட நற்செய்தி கடலில் எழுந்த புயலைப் பற்றியது.

தந்தையாகிய கடவுள் நல்லோர்மேலும் தீயோர்மேலும் கதிரவனை உதிக்கச் செய்கிறார் என்பதை மறையுரையில் சொல்வது எளிது. திருவள்ளுவரும் ஒப்புரவைப் பேசத் தொடங்கும்போது மழையையே முன்னிறுத்துகிறார். வானம் வேறுபாடு பார்ப்பதில்லை, உண்மைதான். ஆனால் கூரை வேறுபாடு பார்க்கிறது. நம் தாழ்வாரம் பழைய காலத்துச் சுண்ணாம்புக் கட்டடம்; உயரமான கூரை. வெப்பமானி தொங்கியது நிழலில். அதே ஊரில், நெடுஞ்சாலையை ஒட்டிய கட்டட வேலையிடத்தில், தகரக் கொட்டகைக்குள் ஆறு வங்காளத் தொழிலாளர்கள் இருந்தார்கள். அங்கே வெப்பமானி இல்லை.

நாம் குறைகூற வந்தது அரசை என்று இதுவரை எண்ணிப் படித்தவர்கள் இனி வருவதையும் படிக்க வேண்டும்.

நம் பங்கிலும் நிவாரணம் கொடுத்தோம். அன்பியங்களின் உதவியால் அரிசி திரட்டி, ஐந்து கிலோப் பைகளாகக் கட்டினோம். ஒரே வீட்டுக்கு இரண்டு பை போய்விடக் கூடாது என்பதற்காகக் குடும்ப அட்டையின் நகலை வாங்கிப் பட்டியல் எழுதினோம். ஒழுங்கான ஏற்பாடு என்று பாராட்டும் கிடைத்தது. மே 18ஆம் நாள், திங்கட்கிழமை முற்பகல், அந்தக் கொட்டகையிலிருந்து ஓர் இளைஞர் வந்து வாயிற்படிக்கு வெளியே, வெயிலில் நின்றார். “கார்டு இல்லை, ஃபாதர். ஊரில் இருக்கிறது” என்றார். உபதேசியார் நம்மைப் பார்த்தார். “பட்டியலில் எப்படி எழுதுவது, சாமி?” என்றார். நாம், “குழுவிடம் கேட்டுச் சொல்கிறோம், நாளை மறுநாள் வாருங்கள்” என்றோம். கடுமையாகச் சொல்லவில்லை, புன்னகையோடுதான் சொன்னோம். குழு என்பது நாமும் இன்னும் மூன்று பேரும்.

அமர்த்திய சென், இரகுராம் இராஜன், அபிஜித் பானர்ஜி மூவரும் ஏப்ரல் மாதத்தில் இணைந்து ஒரு கட்டுரை எழுதியிருந்தனர். இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளில் 7 கோடியே 70 இலட்சம் டன் தானியம் இருப்பதைச் சுட்டிக்காட்டி, வரிசையில் வந்து நிற்க ஆயத்தமாயுள்ள எவருக்கும், கெடுபிடியின்றித் தற்காலிகக் குடும்ப அட்டை வழங்கலாம் என்று அவர்கள் பரிந்துரைத்தனர். நாம் அதைப் பற்றிக் கேள்விப்பட்டு ஆசிரியரிடம் ஆதரித்தும் பேசியிருந்தோம். அட்டையில்லாப் புலம்பெயர் தொழிலாளர்களுக்கும் இரண்டு மாதம் தானியம் என்று நிதியமைச்சர் மே 14ஆம் நாள் அறிவித்தபோது, இவ்வளவு தாமதமா என்று சினந்தோம். அதற்கு நான்கு நாள் கழித்துத்தான் அந்த இளைஞர் வந்து நின்றது.

போகும்முன் அவர் தம் கைப்பேசியை எடுத்து நம்மிடம் நீட்டினார். அம்பன் புயலின் செயற்கைக்கோள் படம். வங்கக் கடலில் வெண்சுழலாக, நடுவே கண்ணோடு, அது பெரும் புயலாக வளர்ந்திருந்தது. அவர் ஆற்று முகங்கள் பிரியும் இடத்தில் விரலை வைத்து, “அம்மா” என்றார். நாமும் அதே படத்தைக் காலையில் பார்த்திருந்தோம். நம் பக்கத்துக் காற்றின் ஈரத்தைப் புயல் இழுத்துக்கொண்டு போவதால் இனி வெயில் மேலும் ஏறும் என்று நாட்குறிப்பில் எழுதியுமிருந்தோம்.

மே 20ஆம் நாள் அவர் வரவில்லை. அன்று பிற்பகல் புயல் சுந்தரவனத்தை ஒட்டிக் கரையேறியது. பல இலட்சம் மக்களை, நோய்த்தொற்றின் நடுவே, முகாம்களுக்குக் கொண்டுசென்றிருந்தார்கள். இரவு பதினொரு மணிவரை தொலைக்காட்சியை அணைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தோம். மறுநாள் காலை உபதேசியாரையும் அழைத்துக்கொண்டு, இரண்டு பைகளோடு கொட்டகைக்குப் போனோம். ஒருவரும் இல்லை. முந்தின நாள் விடியுமுன்பே ஆறு பேரும் காட்பாடிச் சந்திப்பை நோக்கி நடந்துவிட்டார்கள் என்று காவலாளி சொன்னார். மராட்டிய மாநிலம் அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் உறங்கிய பதினாறு தொழிலாளர்கள் சரக்கு வண்டியில் அடிபட்டு மாண்டு அப்போது இரண்டு வாரமே ஆகியிருந்தது. கொட்டகைக்குள் சற்று நேரம் நின்றோம். காலை ஒன்பது மணிக்கே நிற்க முடியவில்லை. நம் மறைக்கல்வி அறையில் அன்று பதினொரு பை அரிசி மிச்சமிருந்தது.

2021 மே மாதத்தில் இரண்டாம் அலை வந்தது. புதிய முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அட்டைக்கு 4,000 ரூபாயை இரு தவணையாகக் கொடுக்க ஆணையிட்டார். பழைய விவாதங்கள் திரும்பவும் எழுந்தன. நாமும் திரும்ப அரிசி திரட்டினோம். பட்டியல் தாளில் அட்டை எண்ணுக்கான கட்டத்தை இம்முறை உபதேசியார் கோடு போடாமல் விட்டுவிட்டார். நாம் சொல்லவுமில்லை, அவர் கேட்கவுமில்லை. இரண்டு பை வாங்கியவர்கள் சிலர் இருந்தார்கள் என்று குழுவில் முறையீடு வந்தது. இருந்திருக்கலாம்.

வெப்பமானி இன்றும் அந்தத் தூணில்தான் இருக்கிறது. கோடையில் வங்கக் கடலில் புயல் சின்னம் என்று செய்தி வரும்போதெல்லாம் ஆற்று முகங்கள் பிரியும் அந்த இடத்தைப் படத்தில் தேடுகிறோம். அங்கே எண்ணற்ற ஊர்கள். அந்த இளைஞரிடம் அட்டையைக் கேட்ட நாம், ஊரின் பெயரைக் கேட்டுவைக்கவில்லை.