முன் சென்றவரும் பின் நின்றவரும்

ஸ்ரீ:

‘முன்னிறந்த மகன்’ என்பது சட்டத்தில் வழங்கும் சொல். தந்தை இருக்கையில் காலஞ்சென்ற மகனை அது குறிக்கும். 1956-ஆம் ஆண்டு ஹிந்து வாரிசுரிமைச் சட்டம், அத்தகைய மகனின் மனைவி மக்களை முதல் வகுப்பு வாரிசுகளாகக் கொண்டு, அவன் கிளைக்குரிய பங்கை அவர்களுக்கு அளிக்கிறது.

சாஸ்திரத்திலும் இத்தகைய சொல் உண்டு. மநு ஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம், கணவனுக்கு முன் மரிப்பவளைப் ‘பூர்வமாரிணீ’ என்கிறது. அவளை அக்னிஹோத்ர அக்னியால் ஸம்ஸ்கரிக்க விதிக்கிறது. முந்திப் போவதே பாக்கியம், தங்கியவள் பாபம் செய்தவள் என்று பேசுவாரும் உளர். அவ்விதியோ அவளுடைய நல்லொழுக்கத்தை முதலில் சொல்லி, அதன் பின்னரே முன் மரித்தலைச் சொல்கிறது. ஒழுக்கம் குணம், முந்துதல் வெறும் காலம். காலத்தைக் குணமாக்கி ஒரு விதவையைப் பழித்தல் தர்மமாகாது.

அங்ஙனமாயின் முந்திச் செல்ல விரும்புதல் தகுமா? கூரத்தாழ்வான் வரலாறு இதற்கு விடை தரும். எம்பெருமானாருக்கு முன்பே தமக்கு மோக்ஷம் வேண்டுமென்று அவர் நம்பெருமாளிடம் பிரார்த்தித்துப் பெற்றார். அதனைக் கேட்ட உடையவர் கலங்கினார். பரமபதத்தில் முன் சென்றோர் பின் வருவோரை எதிர்கொள்வது முறை. ஆசார்யன் முந்திச் சென்று சிஷ்யனை எதிர்கொள்ள நேர்தல் கூடாது என்பதே ஆழ்வானின் கருத்து. பிரிவின் துயரைப் பிறர் தலையில் வைத்துத் தப்புவதற்காக அவர் முந்தவில்லை; எதிர்கொள்ளும் கைங்கர்யத்திற்காகவே முந்தினார். பின் நின்ற உடையவரும் குறைந்தவராகவில்லை. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு தரிசனத்தை நிர்வகித்து வந்தார்.

நம் நீலகிரியில் 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் மண் சரிந்து, உறங்கிக் கிடந்த வீடுகள் புதையுண்டன. ஒரே இடத்தில் தந்தையும் மகனும் மாண்டு, எவர் முன் என்று அறிய இயலாதபோது, மாறான சான்று இல்லாதவரை இளையவரே பின்னர் இறந்தாரென ஊகிக்கும்படி அச்சட்டத்தின் 21-ஆம் பிரிவு கூறுகிறது. பெற்றோரின் பிரார்த்தனையும் அதுவே. அது பலியாமல், மகனுக்குக் கொள்ளி வைத்துவிட்டு மறுநாள் தேயிலைக் கூடையைச் சுமக்கும் தாயிடம், ‘என்ன பாபம் செய்தாளோ’ என்று எவரும் சொல்லலாகாது. ‘முன்’ என்பது வரிசையைச் சொல்லும், குற்றத்தைச் சொல்லாது.

உத்ஸவப் புறப்பாட்டில் திவ்யப்பிரபந்த கோஷ்டி முன்னே செல்கிறது. வேத பாராயண கோஷ்டி பின்னே வருகிறது. பின்னே வருவோரைத் தாழ்ந்தவர் என்பார் உண்டோ? இரு கோஷ்டிக்கும் நடுவே எழுந்தருள்பவன் எம்பெருமான் ஒருவனே.

சுபம்.