மேடைக் கூத்தும் திரையின் கண்ணும்

மேடையில் ஆடல் நிகழுங்கால் எவ்விடத்தை நோக்குவது என்பது காண்போன் உரிமை. கடைசி வரிசையில் அமர்ந்தவனும், தலைவியின் முகத்தை விடுத்துக் குழுவில் ஒருத்தியின் காலடியை நோக்கலாம். திரையிலோ அவ்வுரிமையைக் காமிரா பறித்துக்கொள்கிறது. அங்ஙனமாயின், நாட்டிய நாடகத்தைத் திரைக்கு மாற்றுவோன் கடப்பாடு யாது?

உதயசங்கர் தம் ஆடற்கலையைச் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் ‘கல்பனா’ எனப் படமாக்கி 1948-இல் வெளியிட்டார். இயக்குநரும் நாயகரும் அவரே. தம் முகத்தையே காட்டிக்கொள்ளும் வாய்ப்பு மிகுதி. ஆயினும், மேடையில் அவர் படைத்த ‘உழைப்பும் எந்திரமும்’ என்னும் ஆடலின் பொருள், மாந்தர் பலர் ஓர் எந்திரத்தின் உறுப்புகளாகிவிடும் அவலம். அங்கே தனிமுகத்தை மட்டும் பெரிதாக்கினால் கருத்து மாண்டுபோகும். கூட்டத்தை மட்டும் காட்டினால் தனிமனிதன் துயர் மறைந்துபோகும். எனவே, மேடையைப் பெயர்த்தெழுதுதல் உண்மையாகாது. ஆடலின் பொருளுக்கேற்பக் கண்ணைச் செலுத்துதலே உண்மையாகும்.

உதயசங்கர் 1977-இல் மறைந்தார். செப்பனிடப்பெற்ற ‘கல்பனா’ 2012-இல் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பெற்றது. பின்வந்தோர்க்கு எஞ்சியது, காமிரா தேர்ந்தளித்த ஆடலே அன்றோ! பிறர் கண்ணை இரவலாகப் பெற்றவன், அதனைத் தன் பெருமைக்குச் செலவிடல் அறமாகாது.