எண்களும் அமானிதமும்

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது புத்தளத்தில் எங்கள் வீட்டுக்கு ஓர் இளைஞர் படிவத்துடன் வந்தார். இனத்தைக் கேட்டார்; பின்னர் சமயத்தைக் கேட்டார். இரண்டுக்கும் "முஸ்லிம்" என்றே வாப்பா சொன்னார். "இல்லை ஹாஜியார், இனத்துக்கு இலங்கைச் சோனகர், சமயத்துக்கு இஸ்லாம்" என்று அவர் திருத்தி எழுதிக்கொண்டார். வாப்பா மறுக்கவில்லை. எழும்பிப் போகிற நேரத்தில் ஒன்று மட்டும் கேட்டார்: "தம்பி, இதெல்லாம் ஆருட கைக்குப் போகும்?"

"திணைக்களத்துக்கு" என்றார் இளைஞர். அது பொய்யல்ல; ஆனால் பாதி மறுமொழிதான். இன்று அந்த அட்டவணைகள் இணையத்தில் இருக்கின்றன. எவரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம்.

இது நல்லதே. முன்பு ஒலுவிலில் படிக்கும் மாணவன் சமயத்தையும் சமூகத்தையும் பற்றிப் புள்ளிவிபரத்துடன் எழுத விரும்பினால் கொழும்புக்குப் பயணப்பட்டு நூலகங்களில் காத்துக்கிடக்க வேண்டும். இன்று நம் நாட்டு அட்டவணைகளும், 1998இல் இணையத்துக்கு வந்த 'ஆர்டா' என்னும் அமெரிக்கச் சமயத் தரவுக் காப்பகமும், உலக விழுமிய ஆய்வும் அவன் மேசையிலேயே திறக்கின்றன. அறிவைப் பூட்டி வைப்பதை நமது மரபு ஒருபோதும் மெச்சியதில்லை.

ஆயினும் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். ஐக்கிய அமெரிக்காவின் குடிசன மதிப்பீட்டில் ஒருவரது சமயத்தைக் கட்டாய வினாவாகக் கேட்பதை 1976ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. எனவே ஆர்டாவில் மாவட்டம் மாவட்டமாகக் கிடைக்கும் அண்மைக்காலச் சமயத் தொகைகளில் பெரும்பாலானவை சபைகளும் பள்ளிவாசல்களும் தாமே முன்வந்து கொடுத்தவை, அல்லது ஆய்வாளர் திரட்டியவை. நம் நாட்டில் 1871 முதல் கேட்பது அரசு. தாமே கொடுத்ததற்கும் கேட்டு வாங்கப்பட்டதற்கும் அறநோக்கில் வித்தியாசம் உண்டு. கேட்டு வாங்கியது அமானிதம். அமானிதத்தை வாங்கியவர், கொடுத்தவருக்குத் தீங்கு வராமல் அதைக் காக்கக் கடமைப்பட்டவர்.

அந்தத் தீங்கு கற்பனையல்ல. நெதர்லாந்தின் குடிசனப் பதிவேடுகளில் சமயமும் இருந்தது. நல்ல நிர்வாகத்துக்காக எழுதப்பட்ட அந்தப் பதிவேடுகள், ஜேர்மனிய ஆக்கிரமிப்பின்போது யூதர்களைத் தேடிப் பிடிக்கப் பயன்பட்டன. அங்கிருந்த ஏறத்தாழ 1,40,000 யூதர்களில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் கொல்லப்பட்டனர். அவ்வளவு தூரம் போவானேன்? 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளை அடையாளம் காண்பதற்கு வாக்காளர் இடாப்புகள் காடையர் கைகளில் இருந்தமை பலராலும் பதியப்பட்ட செய்தி.

"அவை பெயர்ப் பட்டியல்கள், இணையத்தில் இருப்பவை வெறும் தொகைகள்தானே" என்று சொல்வார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் 2012ஆம் ஆண்டுத் தரவுகள் கிராம சேவகர் பிரிவு வரைக்கும் இனம், சமயம் பிரித்து வெளிவந்துள்ளன. ஒரு பிரிவில் இஸ்லாம் என்ற நிரலில் 4 அல்லது 5 என்று இருந்தால் அது தொகையா, முகவரியா? அந்தக் கிராமத்தில் அந்த வீடு எதுவென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 2014இல் அளுத்கமவையும் 2018இல் திகனையையும் கண்ட பிறகு இக்கேள்வியை மிகைப்பட்டதென்று தள்ள என்னால் முடியவில்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் மூடிவிடலாமா? கூடாது என்பதே என் எண்ணம். அதற்குக் காரணம் நம்மைக் கொண்டே சொல்லலாம். 1981இல் இந்நாட்டில் இஸ்லாமியர் 7.6 வீதம், 2012இல் 9.7 வீதம். இவ்விரு எண்களையும் மட்டும் உருவி எடுத்து, நாட்டை நாம் நிறைக்கப் போவதாக மேடை மேடையாகப் பயம் காட்டினார்கள். அதே அட்டவணையின் அடுத்த வரியில் பௌத்தர்கள் 69.3 வீதத்திலிருந்து 70.1 வீதமாகக் கூடியிருக்கிறார்கள். குறைந்தவர்கள் இந்துக்கள்: 15.5இலிருந்து 12.6. போரில் மாண்டோரும், கடல் கடந்தோரும், ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மலையக மக்களும் அந்த இடைவெளிக்குள் இருக்கிறார்கள். நம்மிடையே பிறப்பு வீதம் ஓரளவு கூடுதலாக இருந்ததும் உண்மைதான். அதை மறைக்க வேண்டியதில்லை. அந்த அடுத்த வரியை வாசித்துக் காட்ட நம்மில் எத்தனை பேர் இருந்தோம்? அறிக்கைகள் விட்டோம், கண்டனக் கவிதைகள் எழுதினோம். அட்டவணையைத் திறந்து பார்க்கவில்லை. மூடியிருந்தால் பொய்க்கு மறுமொழியே இல்லாமற் போயிருக்கும்.

எண்கள் சொல்லாமல் விடுவதும் உண்டு. 1981இல் மன்னார் மாவட்டத்தில் நான்கில் ஒருவருக்குச் சற்று அதிகமானோர் முஸ்லிம்கள். 2012இல் ஏறத்தாழ ஆறில் ஒருவர். சமய அட்டவணையில் இது ஒரு குறைவு, அவ்வளவுதான். 1990 ஒக்டோபர் அதில் இல்லை. வாப்பா புத்தளத்து நிரலில் ஒரு கூடுதலாக இருக்கிறார். தரவைப் படிப்பவன் வரலாற்றையும் படிக்கக் கடமைப்பட்டவன். இல்லாவிட்டால் விரட்டப்பட்டவன் குடிபெயர்ந்தவனாகிவிடுகிறான்.

ஈமானை அளக்கப் புறப்பட்ட ஆய்வுகளைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப் போவதில்லை. இறைவன் உங்கள் வாழ்வில் எவ்வளவு முக்கியம், ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள் என்று உலக விழுமிய ஆய்வு கேட்கிறது. நம் பெரியவர்களில் ஒருவர் பத்துக்கு மேல் இல்லையா என்று கேட்டிருப்பார். பியூ நிலையம் உலக முஸ்லிம்களைப் பற்றி 2012இல் வெளியிட்ட அறிக்கைக்கு 39 நாடுகளில் 38,000 பேருக்கு மேல் பேட்டி கண்டார்கள். அவற்றில் இலங்கையும் இல்லை, இந்தியாவும் இல்லை. தமிழ் பேசும் முஸ்லிமின் பெரும்பகுதி வெளியே நிற்க, தலைப்பு மட்டும் உலக முஸ்லிம்கள்.

என் கோரிக்கை சிறியது. பிரதேச செயலகப் பிரிவு வரை எல்லாம் திறந்திருக்கட்டும். அதற்குக் கீழே, பத்துக்குக் குறைவான எந்தச் சமூகத்தின் எண்ணையும் மறைத்து வெளியிடட்டும். நம்மைப் போலவே, நம் ஊர்களுக்குள் தனித்து வாழும் இரண்டொரு சிங்களக் குடும்பத்துக்கும் தமிழ்க் குடும்பத்துக்கும் அந்த மறைப்பு தேவை. இதைத் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்பதற்கு நமது அமைப்புகளுக்கு ஒரு கடிதத்தாளும் ஒரு முத்திரையும் போதும்.